அண்ணத் தகடும் மேலுதடும்

டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த சிசுவின் வாய் பெரும்பாலும் சற்றே திறந்திருப்பதையும், கீழுதட்டின்மேல் நாவின் நுனி வந்து தங்குவதையும் கண்டு, நாக்கு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று அதன்மீதே பழிபோடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 1980களில் நாவின் ஒரு பகுதியை அறுத்தெடுக்கும் சஸ்திர சிகிச்சைகூடச் செய்யப்பட்டதுண்டு. உண்மையில், 21ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்த அக்குழந்தைக்கு மேல்தாடை சிறுத்திருக்கிறது. வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசையும் தளர்ந்திருக்கிறது. நாவுக்கு இடமும் போதவில்லை, அதை உள்ளே நிறுத்த உதட்டுக்கு வலுவும் இல்லை.

கத்தியை நாடாமல் அத்தசையைத் தட்டியெழுப்ப வழி கண்டவர், அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரத்து வைத்தியர் ரோடோல்ஃபோ காஸ்டிலோ மொராலெஸ். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் பெரிதும் கையாளப்பட்ட அவருடைய தகடு, குழந்தையின் அண்ணத்தை அச்செடுத்து அக்ரிலிக்கில் வார்க்கப்படுவது. அதன் பின்பாகத்தில் நடுவே குழிந்த ஒரு பொத்தான். முன்பாகத்தில், மேலுதட்டின் உட்புறம் படும்படி சில சிறு புடைப்புகள். குழியைத் துழாவ நா மேலெழுந்து பின்வாங்குகிறது; புடைப்புகளின் உறுத்தலுக்கு மேலுதடு இறங்கி வருகிறது. பலவந்தம் ஏதுமின்றி, சிசுவின் குறுகுறுப்பையே வேலை வாங்கிக்கொள்ளும் இந்த யுக்தியை மெச்சாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆனால் தகடு வாயில் இருக்கும்போது உதடு மூடுவது ஒன்று, அதைக் கழற்றி வைத்த பின்னும் மூடியிருப்பது வேறொன்று. முன்னதைக் கண்டு பின்னதும் கைகூடிவிட்டதாகக் கொள்வதே இம்முறையின் அபிமானிகள் செய்யும் பிழை. வயது ஏற ஏறத் தசைகள் தாமாகவே ஓரளவு இறுகுவதும் உண்டாகையால், தகடு அணியாத குழந்தைகளோடு ஒப்பிடாமல் சொல்லப்படும் வெற்றியில் எவ்வளவு தகட்டின் பங்கு, எவ்வளவு காலத்தின் பங்கு என்று பிரித்தறிய வழியில்லை. பேச்சு தெளியும் என்ற வாக்குறுதியோ இன்னும் பலவீனமானது. இதழ்கள் கூடினால் பகரமும் மகரமும் பிறக்கும் என்பது மெய்தான். ஆயினும் ‘அம்மா’ என்று அழைப்பதற்குச் செவியும் நினைவும் அழைக்கும் ஆசையும் சேர்ந்து உழைத்தாக வேண்டும், இதில் உதட்டின் வேலை கடைசிப்படி மாத்திரமே. அன்றியும், பல் முளைக்கத் தொடங்கியதும் தகடு முன்போல் பொருந்தாது. வளரும் வாய்க்கு அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காஸ்டிலோ மொராலெஸோ உடல் முழுவதற்குமான பயிற்சியின் ஓர் அங்கமாகவே தகட்டை வைத்தார். தலை நிற்காத, கழுத்துத் துவளும் குழந்தைக்கு உதடு மட்டும் தனியே தேறிவிடாது என்பது அவருக்குத் தெரியும். பயிற்சியை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் கொண்டுபோனவர்களே பலர்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்றுண்டு. இக்குழந்தைகள் பலருக்கு மூக்கின் பின்புறத்து அடினாய்டு சதையால் நாசி அடைபட்டிருக்கிறது. அத்தகைய குழந்தை வாயைத் திறந்திருப்பது சோம்பலால் அன்று, சுவாசத்துக்காக. அதன் உதட்டை மூடச் சொல்வதற்குமுன், நாசிக்கடியில் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து, இருபுறமும் ஆவி படிகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும்.