தாய்மீது சுமத்தப்பட்ட பழி: ‘வெற்றுக் கோட்டை’ – ஒரு மறுவாசிப்பு

ஆட்டிசத்தின் மரபணுக் காரணங்களைத் தேடும் ஆய்வின் பெறுமதியை உணர விரும்புவோர், அவ்வாய்வு எத்தகைய கருத்தை அகற்றியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதற்குப் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ என்னும் நூலை மீண்டும் வாசிப்பது தகும்.

சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த சிறுவர் சிகிச்சைப் பள்ளியை நடத்திய பெட்டல்ஹைம், முன்னர் நாஜிகளின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் சிறையிருந்தவர். அங்கே நம்பிக்கை இழந்து தம்முள் ஒடுங்கிய கைதிகளோடு ஆட்டிசக் குழந்தைகளை அவர் ஒப்பிட்டார். லோரி, மார்ஷியா, ஜோயி ஆகிய மூன்று குழந்தைகளின் வரலாறுகளை நூல் விரிவாகக் கூறுகிறது. குழந்தையின் ஒவ்வொரு செயலுக்கும் பொருள் உண்டு என நம்பி, அதனைப் பொறுமையோடு தேடும் பக்கங்கள் இன்றும் நெஞ்சைத் தொடுகின்றன.

ஆயினும் குழந்தை கைதி எனில், காவலர் எவர்? தம் குழந்தை இல்லாதிருக்க வேண்டும் என்னும் பெற்றோரின் விருப்பமே இந்நிலையைத் தூண்டுகிறது என்பது ஆசிரியர் தரும் விடை. தாயின் மனப்பாங்கு காரணமன்று, அதற்குக் குழந்தை காட்டும் எதிர்வினையே காரணம் என்றும் அவர் எழுதியிருப்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் தாயைப் பழியிலிருந்து விடுவிக்க அந்த நுண்வேறுபாடு போதுமானதன்று.

நூலின் அடிப்படைக் குறை முறையியல் சார்ந்தது. பேசாத, முகம் நோக்காத குழந்தையை ஆண்டுக்கணக்கில் வளர்த்த தாயின் சோர்வு, அந்நிலைக்குக் காரணமா, அதன் விளைவா? ஒப்பீட்டுக்கு வேறு குடும்பங்களை நோக்காது, மூன்று வரலாறுகளைக் கொண்டு இதனைத் தீர்மானித்தல் இயலாது. ஆட்டிசக் குழந்தையின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இதற்கு உடல்சார் அடிப்படை உண்டென 1964லேயே வாதிட்டிருந்தார்.

1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் பிரித்தானியாவில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். தாயின் மனப்பாங்கே காரணம் எனில், ஒரே வீட்டில் வளரும் இருவகை இரட்டையரிடமும் ஒத்த விளைவே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஒத்த இரட்டையர் 11 இணைகளுள் 4இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறுபட்ட இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. எண்ணிக்கை சிறிதாயினும், 1995இல் வெளியான விரிந்த ஆய்வு இப்போக்கை உறுதிசெய்தது. 2020இல் 35,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், 102 மரபணுக்களை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. மரபணு என்றதும், ‘யார் வழி வந்தது?’ என்னும் வினா குடும்பங்களில் எழுகிறது. பழி மீண்டும் தாய்வழியையே நாடுகிறது. ஆய்வு அதற்கு இடந்தருவதில்லை. சிறு மரபணு வேறுபாடுகள் பல, பெற்றோர் இருவர் வழியாகவும் வருகின்றன. வேறு சில மாற்றங்களோ இருவரிடமும் இல்லாது குழந்தையிடம் புதிதாகவே தோன்றுகின்றன. அன்பற்றவள் என்று பழிக்கப்பட்ட தாயைக் குறையுள்ள வம்சத்தவள் என்று பழிப்பது, பழைய அநீதிக்குப் புதுப்பெயர் சூட்டுவதேயாகும்.

குழந்தையின் செயலில் பொருளைத் தேடும் பொறுமையைப் பெட்டல்ஹைமிடம் கற்கலாம். தாய்க்கு எதிராக அவர் எழுதிய தீர்ப்பை நிராகரிக்க வேண்டும்.