காணொளி வலைப்பதிவு: பேச்சா, எழுத்தா?

இணையவழிக் காணொளிப் பகிர்வின் தொடக்கக் காலத்தைப் பற்றி எழுதுவோருள் பெரும்பாலோர் ஒரு கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். வலைப்பதிவு என்பது எழுத்துமொழியின் வடிவம். அதனோடு படக்கருவியும் ஒலிவாங்கியும் சேர்ந்தபோது எழுத்து பின்தங்க, பேச்சு முன்வந்தது. ஆகவே காணொளி வலைப்பதிவு வாய்மொழியின் மறுவருகை என்பதே அக்கருத்து. வால்ட்டர் ஆங் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 'இரண்டாம் நிலை வாய்மொழி' என்னும் கருத்தாக்கம் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது. தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை மனத்திற்கொண்டு அவர் அதனை அமைத்தார். அத்தகைய வாய்மொழி எழுத்தையும் அச்சையும் அடித்தளமாகக் கொண்டே நிற்கும் என்று அவரே கூறியிருப்பதை, அவரைத் துணைக்கழைப்போர் மறந்துவிடுகின்றனர். 2000 முதல் 2008 வரையிலான பனுவல்களைக் கூர்ந்து நோக்கின் இம்மறதி எத்துணைப் பெரிய பிழைக்கு இடந்தருகிறது என்பது புலனாகும்.

வரலாற்றை 2005 ஏப்ரல் 23ஆம் நாளிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. அன்றுதான் யூடியூப் நிறுவனர்களுள் ஒருவரான ஜாவேத் கரீம், சான் தியேகோ விலங்குக் காட்சிசாலையில் எடுத்த பத்தொன்பது நொடிப் படத்தை அத்தளத்தில் முதலாவதாக ஏற்றினார். யானைகளின் முன்னின்று, அவற்றின் துதிக்கை மிக நீளமானது என்றும், சொல்வதற்கு இவ்வளவே உண்டு என்றும் கூறி முடிக்கிறார். மொழியியல் நோக்கில் இச்சிறு பனுவலில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, இடச்சுட்டும் பொருட்சுட்டும் படத்தின் துணையின்றிப் பொருள்படாமை. மற்றொன்று, சொல்ல வேறொன்றும் இல்லை என்னும் முடிப்புக்கூற்று. உரையாடலை முடிக்க விரும்புவோர் எதிரிலிருப்பவருக்குக் காட்டும் குறிப்பு அது. இங்கோ விடையிறுப்பார் எவரும் இல்லை. குடும்ப நிகழ்வுகளை வீட்டிலேயே படம்பிடித்து வைக்கும் பழைய மரபைச் சேர்ந்ததே இப்படம். தளத்தின் முதற்காணொளி என்பதால் இதனை வகையின் முதற்பனுவலாகக் கொள்ளுதல், நூலகத்திற்கு முதலில் வந்த நூலையே மொழியின் முதல் நூலாகக் கொள்வதை ஒக்கும்.

வகையின் தோற்றம் ஐந்தாண்டு முற்பட்டது. 2000 சனவரி 2ஆம் நாள் ஆடம் கான்ட்ராஸ் என்னும் அமெரிக்கர் தம் வலைக்குறிப்போடு ஒரு காணொளியை இணைத்தார்; லாஸ் ஏஞ்சலிசுக்குக் குடிபெயரும் செய்தியை நண்பர்க்கும் உறவினர்க்கும் தெரிவிப்பதே நோக்கம். அவ்வாண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஊடகக் கல்வி கற்பித்துவந்த ஏட்ரியன் மைல்ஸ், இவ்வடிவத்திற்கு 'வோக்' என்று பெயரிட்டார். அவர் அப்போது இட்ட காணொளியில் பேசும் முகம் இல்லை. அசையாப் படம் ஒன்றின்மீது எழுத்துகள் மாறிமாறித் தோன்றுகின்றன, அவ்வளவே. இவ்வகைக்கு முதற்பெயர் சூட்டியவரின் எடுத்துக்காட்டே எழுத்தாக அமைந்தது தற்செயலன்று. அவ்வாண்டு திசம்பரில் அவர் வெளியிட்ட கொள்கையறிக்கை, தொலைக்காட்சியைப் போல ஓடிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பை மறுக்கிறது. குறைந்த அலைவரிசைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் வடிவத்தை வேண்டுகிறது. இணைப்புகளால் கோக்கப்பட்ட, பகுத்துப் படிக்கத்தக்க காணொளியே அவருடைய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்படுவது. இதனை வாய்மொழியின் மறுவருகை எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

பெயர் பற்றி ஒரு சொல். 'வெப்லாக்' என்னும் சொல்லை 1997 திசம்பரில் ஜார்ன் பார்கர் ஆண்டார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் விளையாட்டாக அதனை 'வீ பிளாக்' எனப் பிரித்தார், இப்பிழைப்பிரிப்பே நிலைபெற்றது. அதன் தலையில் காணொளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை ஏற்றியபோது 'வ்லாக்' பிறந்தது. தொல்காப்பிய மொழிமரபின்படி மெய்ம்மயக்கம் மொழிமுதலில் வாராது; வகரத்தோடு ஓகாரம் மொழிமுதலாவதும் இல்லை. எனவே வ்லாக், வோக் இரண்டும் தமிழ்மரபுக்கு முரணானவை. 'விலாக்' என்று முதலைத் திருத்தினாலும் இறுதி வல்லின மெய் இடர்செய்யும். மக்கள் வழக்கு இவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் 'வ்லாக்' என்றே வழங்குகிறது. இதில் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கவலைகொள்வதற்கு மிகுதியாக ஏதுமில்லை. கவலைக்குரியது 'காணொளி' என்னும் சொல்லின் ஆட்சியே. காணும் ஒளி என விரியும் இவ்வினைத்தொகை, இலத்தீன் மூலச்சொல்லைப் போலவே பார்வையை மட்டும் சுட்டுகிறது. இச்சொல்லை நாள்தோறும் ஆள்வோரே அதன் பொருளைப் பேச்சு என்று கொள்வது வியப்பே.

இனி, பேசும் முகம் முன்வந்த காலத்துக்கு வரலாம். 2004இல் பாஸ்டன் நகரின் ஸ்டீவ் கார்ஃபீல்டு தம் காணொளி வலைப்பதிவைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ஜே டெட்மனும் பீட்டர் வான் டைக்கும் இத்துறையில் ஈடுபட்டோரை ஒரு குழுவாகத் திரட்டினர்; 2005 சனவரியில் நியூயார்க்கில் இவர்களின் முதல் மாநாடு கூடியது. கோப்பை முழுமையாக இறக்கிய பின்னரே காணவேண்டிய நிலையை, உலாவியிலேயே ஓடும் ஃபிளாஷ் இயக்கி மாற்றியது. யூடியூபின் வெற்றிக்கு இத்தொழில்நுட்பம் ஒரு முதன்மைக் காரணம். 2006 அக்டோபரில் கூகுள் அந்நிறுவனத்தை 165 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இவை பலரும் அறிந்தவை.

மொழியியலார்க்கு இக்காலத்தின் சிறந்த பனுவல் ஸி ஃபிராங்க் 2006 மார்ச் 17 தொடங்கி ஓராண்டுக் காலம் நடத்திய தொடர் எனலாம். படக்கருவிக்கு மிக அருகில் முகம். கண்ணிமைப்பும் மூச்சும் தயக்கமும் வெட்டி நீக்கப்பட்ட தொடரோட்டம். இயற்பேச்சில் நிறுத்தங்கள் வெற்றிடங்கள் அல்ல. தொடரமைப்பையும் கருத்தாடல் எல்லையையும் கேட்போர்க்கு உணர்த்துபவை. அவற்றை நீக்கியபின் அப்பணியை வெட்டு ஏற்கிறது. முகம் சட்டென இடம் மாறுவது புதிய தொடரின் தொடக்கத்தைக் காட்டுகிறது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் செய்யும் வேலை இது. பேசியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தி, வேண்டாததை நீக்கி அடுக்குதல் எழுத்தின் இயல்பேயன்றி வாய்மொழியின் இயல்பன்று. இத்தொடரின் ஒரு பகுதிக்கான வசனத்தைப் பார்வையாளர்களே இணையத்தில் கூடி எழுதித் திருத்தி அளித்தனர். அவர் அதனை நடித்துக் காட்டினார்.

இதற்கு மறுப்பாக, ஒத்திகையற்ற, திக்கித் திணறும் பேச்சே காணொளி வலைப்பதிவின் பெருவழக்கு என்று கூறப்படலாம். அம்மறுப்பை எதிர்கொள்ள 'லோன்லிகேர்ள்15' போதும். 2006 சூனில் தொடங்கிய இத்தொடரில், பிரீ என்னும் பதினாறு வயதுப் பெண் தன் படுக்கையறையிலிருந்து பேசினாள். அவ்வாண்டு செப்டம்பரில் பார்வையாளர்களின் துருவலாலும் நாளிதழ்களின் முயற்சியாலும் உண்மை வெளிவந்தது: பேசியவர் ஜெசிகா ரோஸ் என்னும் நடிகை, ஆக்கியோர் மெஷ் ஃபிளிண்டர்சும் மைல்ஸ் பெக்கெட்டும் அவர்தம் கூட்டாளிகளும். பலர் இதனை ஏமாற்று என்று வெகுண்டனர். அறநோக்கை விடுத்து மொழிநோக்கில் காணின் இந்நிகழ்ச்சி உணர்த்துவது வேறு. இவ்வடிவம் பரவலாகி ஓராண்டு ஆவதற்குள், தயக்கமும் இடைநிறுத்தமும் தன்திருத்தமும் எழுதிப் பயிலத்தக்க நடைக்கூறுகளாகிவிட்டன. அதாவது, 'உண்மைப் பேச்சு' ஒரு வழக்குநிலையாக இறுகிவிட்டது. இயல்பின் அடையாளங்கள் எழுதிக் காட்டத்தக்கவையாகிய பின்னர் அவற்றை இயல்புக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. உண்மை வெளிப்பட்ட பின்னும் அத்தொடர் 2008 வரை நடைபெற்றது என்பதையும் மறக்கலாகாது.

முன்னிலை விளிப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு நேரான சிக்கல். 1927இல் பிறந்த பீட்டர் ஓக்லி என்னும் ஆங்கிலேயர், 2006 ஆகத்தில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சிறுசிறு காணொளிகளாகக் கூறத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றார். கேட்டோருள் பலர் அவருக்குப் பேரப்பிள்ளைகள் ஆகத்தக்க வயதினர். ஆங்கில முன்னிலைப் பெயர் ஒருமை பன்மையையும் மதிப்பையும் காட்டாது. தமிழில் இரண்டையும் காட்டாமல் இருக்க வழியில்லை. 'நீங்கள்' எனின், தனியொருவரிடம் கனிவாகப் பேசுவது போன்ற அணுக்கம் குறைகிறது. 'நீ' எனின், முன்பின் அறியாதாரிடம் பேசும் பணிவு மறைகிறது. 'பிள்ளைகளே' எனின் ஆங்கிலத்தில் இல்லாத உறவு நுழைகிறது. இக்காலத் தமிழ்க் காணொளியாளர் 'வணக்கம் மக்களே' என்று தொடங்குவது இச்சிக்கலுக்கு மக்கள் வழக்கு கண்ட தீர்வு: பன்மையும் உண்டு, உறவுச் சாயலும் உண்டு, வயதோ மதிப்போ குறிக்கப்படவில்லை. ஓக்லியின் தமிழாக்கத்திற்கும் 'நீங்கள்' என்பதோடு இத்தகைய விளியொன்றைச் சேர்ப்பதே ஓரளவு பொருந்தும்.

இச்சிக்கலின் வேரை மானிடவியலாளர் மைக்கேல் வெஷ் 2009இல் 'சூழல் சரிவு' என்னும் தொடரால் விளக்கினார். படக்கருவியின் முன் இருப்பவர் எவரிடம், எங்கு, எப்போது பேசுகிறார் என்பதை அறியார். எல்லாச் சூழலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்துவிடுகின்றன. விளக்கம் சிறப்பானதே. ஆயினும் இந்நிலை புதியதன்று. படிப்பவர் எவர், எக்காலத்தவர் என அறியாமல் எழுதுதல் எழுத்தாளன் பண்டுதொட்டு இருந்துவரும் நிலை. முகமும் குரலும் அந்நிலைக்குள் வந்ததே புதுமை.

வாய்மொழிக் கொள்கை முற்றிலும் முறிந்துபோகும் இடம் ஒன்று உண்டு. இவ்வரலாற்றை எழுதுவோர் அதனை அடிக்குறிப்பில் ஒதுக்குவதே பெருங்குறை. செவித்திறனற்றோர்க்கென 1864இல் வாஷிங்டனில் தோன்றிய காலடெட் பல்கலைக்கழகத்தில், 2006 மே மாதம் அடுத்த தலைவராக ஜேன் ஃபெர்னாண்டஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்ப்பு எழுந்தது, அக்டோபரில் பல்கலைக்கழக வளாகம் மாணவர்களால் அடைக்கப்பட்டது, அம்மாத இறுதியில் தேர்வு நீக்கம் செய்யப்பட்டது. இம்மாதங்களில் அமெரிக்கச் சைகைமொழியினர் தம் கருத்துகளைக் காணொளிப் பதிவுகளாக இட்டனர்; ஒருவர்க்கு ஒருவர் மறுப்பும் விளக்கமும் சைகையிலேயே தந்தனர். எழுத்து வடிவம் பெருவழக்காகாத மொழியொன்றில், தொலைவிலுள்ள பலர், தத்தம் நேரத்தில், திரும்பத் திரும்பக் காணத்தக்கவாறு பொதுக் கருத்தாடல் நிகழ்த்தினர். அச்சிதழ் பிற மொழியினர்க்குச் செய்த பணியை இங்கே காணொளி செய்தது. இதனை வாய்மொழி எனல் பொருந்தாமையோடு நில்லாது புண்படுத்தவும் செய்யும். 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டிற்குப்பின் பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கிய கல்விக்கொள்கையின் பெயரே 'வாய்மொழிக் கொள்கை' என்பது. சைகைமொழி அழிந்துவிடும் என்று அஞ்சிய ஜார்ஜ் வெடிட்ஸ், 1913இல் அதனைப் பாதுகாக்க வேண்டும் என்று சைகையிலேயே நிகழ்த்திய உரை திரைப்படச் சுருளில் பதிவாகியுள்ளது. 2006இன் பதிவுகளுக்கு முன்னோடி விலங்குக் காட்சிசாலைப் படமன்று, அச்சுருளே.

ஊடகம் மொழியை மாற்றியதும் உண்டு. எலிசபெத் கீட்டிங், ஜீன் மைரஸ் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கணினிப் படக்கருவியின் முன் சைகை செய்வோர் தம் சைகைவெளியையும் விரைவையும் மாற்றிக்கொள்வதைக் காட்டியது. சட்டகத்திற்கு வெளியே செல்லும் கை, மொழியின் உறுப்பொன்று இழந்ததற்குச் சமம். நொடிக்குச் சில சட்டகங்களே பதிவாகும்போது விரலெழுத்து மங்கும். எனவே மெல்லச் செய்தலும் மீளச் செய்தலும் நடையாகின்றன. முப்பரிமாண மொழி தட்டைப் பரப்பில் அமர நேர்வதால் கைகளின் திசையும் திருத்தம் பெறுகிறது. கல்லும் ஓலையும் எழுத்தின் வடிவை மாற்றியதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இத்தகைய பனுவலின் எல்லை எது என்பதே இறுதியில் எழும் வினா. 2006இல் யூடியூப் ஏற்படுத்திய மறுமொழிக் காணொளி என்னும் ஏற்பாடு, ஒரு பதிவை அது விடையிறுக்கும் பதிவோடு பிணைத்தது; 2013இல் அது நீக்கப்பட்டது. படத்தின்மேல் இடப்பட்ட குறிப்புரைகள் 2019 சனவரியில் மறைந்தன. துணைத்தலைப்பு வசதி 2008இலும், தானியங்கித் துணைத்தலைப்பு 2009இலும் வந்தன. பின்னதனை உருவாக்குவதில் முன்னின்ற பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் செவித்திறனற்றவர். பார்வையாளர்களே துணைத்தலைப்பு எழுதி உதவிய ஏற்பாடு 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. தொடக்கக் காணொளியாளர் பலர்க்கு இடமளித்த பிளிப் தளம் 2015இல் மூடப்பட்டது. ஓலைச்சுவடியின் உரையைப் பேணி மூலத்தை இழத்தலும், மூலத்தைப் பேணி உரையை இழத்தலும் தமிழறிஞர்க்குப் பழகிய துயரங்கள். இங்கு மூலம் சில இடங்களில் எஞ்சி, அது எவர்க்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பதே அழிந்துபோயிற்று.

வெடிட்சின் படம் 2010இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. காலடெட் பதிவுகளைத் தமிழில் பெயர்க்க முனைவோர் ஆங்கிலத் துணைத்தலைப்பு இருக்குமிடத்து அதனையே மூலமாகக் கொள்ள நேரிடும். அத்துணைத்தலைப்பில், ஆம் இல்லை என்னும் விடை வேண்டும் வினாவைக் காட்டும் புருவ உயர்வு ஒரு வினாக்குறியாகச் சுருங்கியிருக்கும். வெளியில் இடங்குறித்து மீண்டும் மீண்டும் சுட்டப்பட்ட இருவர் வெறும் படர்க்கைப் பெயர்களாகியிருப்பர். தமிழில் இவன், அவன், உவன் என்னும் மூவகைச் சுட்டு உண்டு. ஆங்கிலம் காட்டவியலாத அவ்விடவேறுபாட்டில் ஒரு பகுதியையேனும் அச்சுட்டுகளால் மீட்கவியலும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் துணைத்தலைப்பை விட்டுக் கைகளைப் பார்த்தல் வேண்டும்.