பொடி எழுத்தில் இருக்கும் வேகம்

மெமரி கார்டின் முகத்தில் பளிச்சென்று 300 என்று அச்சிட்டிருக்கும். கடையில் கண் முதலில் அங்கேதான் போகும். மூலையில் 'வி' எழுத்தோடு ஒட்டி 60 என்றோ 90 என்றோ பொடியாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கார்டு தேர்விலும் ரசனை உண்டு என்றால், அது அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்தான் தொடங்குகிறது.

பெரிய எண், படங்களைக் கணினிக்கு இறக்கும்போது கார்டு தொடக்கூடிய உச்ச வேகம். வி90 என்பதோ, தொடர்ந்து எழுதும்போது விநாடிக்கு 90 மெகாபைட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற உறுதி. நாதஸ்வரக்காரர் எடுத்த எடுப்பில் பிருகாவைக் கொட்டிவிடலாம். ரதவீதி முழுக்க மூச்சு தளராமல் வாசிப்பவரைத்தான் வித்துவான் என்கிறோம்.

பினாங்கில் கார்டின் இந்தத் தளராத வேகத்துக்கு நல்ல பரீட்சை தைப்பூசம். பூசத்துக்கு முதல் நாள் விடியுமுன், நகரத்தாரின், 1894இல் இங்கு வந்த வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்புகிறது. 2017இலிருந்து தங்க ரதமும் வேலைச் சுமந்து தண்ணீர்மலைக்குப் போகிறது. வழியெங்கும் தேங்காய்க் குவியல்கள். தமிழரோடு சீனரும் உடைக்கிறார்கள். ரதம் நெருங்கியதும் ஓடு தெறித்து, நீர் சிதறும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் கேமராக்காரர்கள் காத்து நிற்கிறார்கள்.

45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் ஏறக்குறைய 50 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 20 படம் எடுத்தால் 1,000 மெகாபைட். யு.எச்.எஸ்-2 எஸ்.டி. கார்டாலும் இதை அப்படியே விழுங்க முடியாது. கேமராவின் பஃபர் தாங்கிப் பிடிக்கும்; அது நிரம்பினால் ஷட்டர் திணறும். யு.எச்.எஸ்-2 எஸ்.டி. கார்டுக்கான பாதையின் உச்சவரம்பே 312 மெகாபைட்தான். சி.எஃப்.எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு கார்டு இனத்தின் பி வகைக்கு, முதலில் வந்த தலைமுறையிலேயே அது 2,000. நிக்கான் இசட்8, கேனன் ஆர்5 இரண்டிலும் இந்த வகைக்கு ஓர் இடம், எஸ்.டி.க்கு ஓர் இடம் என்று இருப்பதன் பொருள் இப்போது புரியும்.

வீடியோவுக்குக் கணக்கு வேறு. கேமரா மெகாபிட்டில் பேசும், கார்டு மெகாபைட்டில் பேசும். எட்டால் வகுக்க வேண்டும். 4கே வீடியோ 400 மெகாபிட்டில் ஓடினால் விநாடிக்கு 50 மெகாபைட், வி60 போதும். சோனி ஏ7எஸ்-3இன் 600 மெகாபிட் என்றால் 75; அங்கே வி90 வேண்டும். 100 மெகாபிட்டில் கல்யாணம் எடுப்பவருக்கு வி30 தாராளம். அவரிடம் வி90 விற்பது வியாபாரம்.

கார்டைத் திருப்பிப் பார்ப்பதும் ஒரு சுவை. யு.எச்.எஸ்-2 கார்டின் முதுகில் பொன்னிறத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். கேமராவோ ரீடரோ பழசானால் இரண்டாம் வரிசை சும்மா கிடக்கும். கொடுத்த காசுக்குப் பாதி வேகம்கூட வராது.

சில கார்டுகள் வேறு விதமாக ஏமாற்றும். முதலில் வேகமான சிறு பகுதியில் எழுதி அசத்தும். அது நிரம்பியதும் தளர்ந்துவிடும். சூடு ஏறினாலும் வேகம் குறையும். அதனால் கடையில் அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்பது சோதனையாகாது. பினாங்கு வெயிலில் கார்டு நிரம்பும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். சி.எஃப்.எக்ஸ்பிரஸில் வி.பி.ஜி.400 முத்திரை இருந்தால், விநாடிக்கு 400 மெகாபைட் இடைவிடாமல் எழுதும் என்று பொருள்.

1972இல் இன்டெல் பாயான் லெப்பாசில் காலூன்றிய மாநிலம் இது. இன்று பத்து கவானில் மைக்ரானுக்கும் சான்டிஸ்க்குக்கும் ஆலைகள் உண்டு. அப்படிப்பட்ட ஊரிலும் போலிக் கார்டு வந்து சேரலாம். வாங்கியதும் முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ரதம் நமக்காக இன்னொரு முறை திரும்பி வராது. ஆகவே இரண்டு கார்டிலும் ஒரே படத்தை எழுதவிடுவதே தொழில்முறை. அப்போது மெதுவான கார்டு எதுவோ, அதன் வேகம்தான் கேமராவின் வேகம். இரண்டாவதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால், முதலாவதுக்குக் கொட்டிய வெள்ளியும் வீண்.