ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்

வேம்பார்க் கரையில் ஓடிப் பழகிய கால்களுக்கு ஏற்றம் என்றால் என்னவென்று தெரியாது. நீர் வற்றிய நேரம் பார்த்து, அலை நனைத்து இறுகிய மணலில் இறங்கிவிட்டால் கண்ணுக்கு எட்டிய வரை சமதளம்தான். ஒரு பக்கம் பனங்காடு. மறுபக்கம் மன்னார் வளைகுடா. அதற்குள்ளே எங்கள் ஊர்ப் பெயரால் வழங்கும் தீவுக்கூட்டத்தின் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது தூத்துக்குடிப் பக்கம் திரும்பி ஓடினால் காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். எங்களுக்கு அதுதான் மலை.

இந்தக் கரையை நேசித்துக்கொண்டேதான் சொல்கிறேன்: தமிழ்நாட்டில் ஓடுவதற்கு மிக அழகான ஐந்து கிலோமீட்டர் எது என்று யார் கேட்டாலும், கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் சாலை என்றே பதில் சொல்வேன். கடற்கரையில் காட்சி ஒன்றே ஒன்று. அது பிரம்மாண்டமானது, ஆனால் ஓடினாலும் நின்றாலும் அப்படியேதான் இருக்கும். கொடையில் ஓடுகிறவன் வேகத்துக்கு ஏற்றபடி காட்சி மாறுகிறது. காரில் போனால் அது கலைந்துபோகும். நடந்தால் அடுத்தது வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நிதானமாக ஓடுகிறவனுக்கு மட்டும் ஒரு வளைவின் அழகு தீரும் இடத்தில் அடுத்த வளைவு வந்து நிற்கும்.

அந்த ஊர் உருவான விதத்தில் இதற்குக் காரணம் இருக்கிறது. 1821-இல் லெப்டினன்ட் வார்ட் இந்த மலையை அளக்க ஏறினார். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்ப, அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் ஏறும் மலைச்சாலை 1916-இல்தான் முடிந்தது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகள் பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதைதான் வழி. வசதி உள்ளவர்கள் மட்டக்குதிரையிலும், கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலும் ஏறினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். வந்தவர்கள் பேரும் கட்டிய வீடுகளும் புத்தகங்களில் இருக்கின்றன. அவர்களைச் சுமந்து ஏறிய கூலியாட்களில் ஒருவர் பேரும் இல்லை. இன்று நாம் அனுபவிக்கும் இந்த ஊரின் அமைப்பு அவர்கள் காலடியில் உருவானது. ஏரி, சந்தை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே கால் எட்டும் தூரத்தில் இருப்பது அதனால்தான்.

ஏரியே மனிதர் செய்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடையை மறித்துக் கரை கட்டினார். தேங்கிய நீர் மலைகளின் இடுக்குகளுக்குள் ஏறிப் பரவியது. ஏரி நட்சத்திரம் போலக் கைகளை நீட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். நீரின் விளிம்பை ஒட்டியே சாலை போவதால், ஏரியின் ஒவ்வொரு கைக்குள்ளும் அது புகுந்து வெளியே வருகிறது. மலையூரில் இருந்துகொண்டே பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடக் கிடைக்கும் ஒரே சுற்று இது.

எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் முழு ஏரி தெரியாது என்பதைத்தான் இந்தத் தடத்தின் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். படகுத்துறையிலிருந்து கிளம்பும்போது தெரிவது ஒரு கை மட்டும். சற்று ஓடியதும் அது மறைந்து, மரங்களுக்கு நடுவே நீர் குறுகி, கையின் நுனியில் ஓடைபோல ஆகிவிடும். அங்கே திரும்பி எதிர்க்கரைக்கு வந்தால், சற்றுமுன் நாம் ஓடிய சாலை நீருக்கு அப்பால் தெரியும். நமக்குப் பின்னால் வருகிறவர் அங்கே ஓடிக்கொண்டிருப்பார். அவர் உடுப்பின் நிறம் நீரில் ஆடும். மூச்சு இரைக்கிற சத்தம்கூடச் சில நாள் நீர்மேல் வந்து சேரும். ஊரை விட்டு விலகிய மேற்குக் கரைதான் சுற்றிலேயே செழிப்பான பகுதி. கடைகள் கிடையாது, குதிரைக்காரர்கள் காலை நேரத்தில் வருவதில்லை, இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கூடி நிற்கும். விடிந்து வெகுநேரம் ஆகியும் அங்கே வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும்.

ஏரி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி ஓடுவது என் பழக்கம். நீரோரமாகவும் போகலாம், எதிரே வரும் வண்டியும் கண்ணுக்குத் தெரியும். இப்படிச் சுற்றினால் முகத்தில் வெயில் படுகிற இடங்களும் நிழல் விழுகிற இடங்களும் மாறி மாறி வரும். அந்தக் குளிருக்கு அது எவ்வளவு இதம் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும்.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 2,133 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம் கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறையும். ஊரில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் இங்கே பேச முடியாது. போன அன்றும் மறுநாளும் நடையும் ஓட்டமுமாக ஒரு சுற்று வந்தால் போதும். நெஞ்சு தானாகப் பழகிக்கொள்ளும். முதல் நாளே வீரம் காட்டினால் மாலைக்குள் தலை கனத்துப்போகும்.

பழகியபின் ஏறவேண்டிய இடம் சூரிய ஆய்வகம். ஏரியை விட்டு மேற்கே ஏறும் சாலை ஊரின் உச்சிகளில் ஒன்றான 2,343 மீட்டருக்குக் கொண்டுபோகும். ஏற்றம் ஒரே சீராக இருக்கும். எங்கும் முழங்காலை ஏமாற்றாது. 1899-இல் தொடங்கிய இந்த ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்து அறிவித்தது இங்கிருந்துதான். சமவெளியின் தூசியும் புழுக்கமும் இல்லாத தெளிவான வானம் வேண்டும் என்று தேடி வந்த இடம் இது. அந்தத் தெளிவு காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எவர்ஷெட் எந்தக் காற்றுக்காக இங்கே வந்து உட்கார்ந்தாரோ அதையே நாமும் இழுத்து விட்டுக்கொண்டு ஏறுகிறோம் என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கும்.

தூண்பாறைப் பக்கம் போகும் சாலையில் பைன் காடு வரும். உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தென்று கிடக்கும். கால் வைத்தால் சத்தம் கேட்காது, வழுக்கவும் செய்யும். படமெடுக்க வருகிறவர்களுக்கு அது பெரிய அழகு. எனக்கு அந்தக் காட்டில் மனம் ஒட்டுவதில்லை. அடியில் புல் பூண்டு எதுவும் முளைக்காது, பறவைச் சத்தமும் குறைவு. பைனும் சீகையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இந்த மலையின் சொந்தக் காடு சோலைதான். சோலைகளுக்கு நடுவே கிடந்த புல்வெளிகளின் பெரும்பகுதியை இந்த மரங்கள் மூடிவிட்டன. பாம்பார்புரம் தாண்டி வட்டக்கானலுக்கு இறங்கும் வழியில் இரண்டு ஓரமும் எஞ்சியிருக்கும் சோலையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். குட்டையான, முறுக்கிய மரங்கள், அவற்றின்மேல் பாசி, பாசியின்மேல் ஆர்க்கிட். மழை நின்று நெடுநேரம் ஆனபின்னும் சோலைக்குள்ளிருந்து நீர் கசிந்து சாலையைக் கடக்கும். இறங்கும்போது கால் தானாக ஓடும். திரும்பி ஏறுவதற்கு மூச்சை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சரிவு கடுமையானது.

கோக்கர்ஸ் வாக் 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பில் அமைத்த பாதை. ஒரு கிலோமீட்டர்தான் நீளம். அங்கே ஓடக் கூடாது என்பது என் கருத்து. மேகம் இல்லாத நாளில் பெரியகுளம்வரை சமவெளி கீழே விரிந்து கிடக்கும். மேகம் ஏறி வந்து, முதுகுக்குப் பின்னால் சூரியனும் நின்றால், சில வேளை நம் நிழலே வானவில் வளையத்தோடு மேகத்தில் விழும். ஓட்டம் முடிந்து வேர்வை ஆறும் நேரத்துக்கு இந்தப் பாதை. எங்கள் கரையிலிருந்து போகிறவர்கள் 1866-இல் எழுந்த சலேத் மாதா கோயிலுக்கும் ஏறாமல் வருவதில்லை. அந்தச் சரிவையும் நடந்து ஏறுவதே மரியாதை.

ஏரிகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். மன்னவனூர் ஏரி ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், பூம்பாறையைத் தாண்டி இருக்கிறது. பூம்பாறையின் படிவயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில் ஓடினால் பூண்டு வாசம் கூடவே வரும். மன்னவனூரில் மரம் குறைந்து புல்மேடுகள் அலையலையாக எழும். மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் செம்மறிகள் அங்கே மேயும். கடற்கரையில் வளர்ந்தவன் அந்தத் திறந்தவெளியில் சொந்த ஊரில் நிற்பது போலவே உணர்வான். பேரிஜம் வேறு மாதிரி. அது காட்டின் உள்ளே இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. யானையும் காட்டு மாடும் நீர் குடிக்க இறங்கும் இடத்தில் மனிதக் கால்களுக்கு வேலை இல்லை. அப்படி ஓர் ஏரி ஓடாமல் விடப்பட்டிருப்பது நல்லது.

காட்டு மாடு ஊருக்குள்ளும் வரும். இருட்டுப் பிரியும் நேரத்தில் வளைவில் திரும்பினால், ஆள் உயரத்துக்குக் கரிய உருவம் புல்லை அரைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு வழி விட்டு, தூரத்திலேயே நின்றுவிடுங்கள். விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள், கன்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதனால்தான் நன்றாக விடிந்தபிறகே கிளம்பச் சொல்வேன். மாதங்களில் தை, மாசி, பங்குனி சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. சித்திரை, வைகாசியில் கூட்டம் விடாது.

அந்தக் கூட்டம்தான் இந்தச் சாலைக்கு வந்திருக்கும் ஆபத்து. வண்டிகள் பெருகி, 2024 மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற முடியும் என்ற நிலை வந்தது. கோடையில் காலை எட்டு மணிக்கே ஏரிச்சாலையில் கார்கள் வரிசையாக நிற்கும். ஓடுகிறவர், நடக்கிற முதியவர், பள்ளிப் பிள்ளை எல்லோரும் நீரோரத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கால்களுக்காக உருவான ஊரில் கால்களுக்கு இடமில்லாமல் போகிறது.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. புதுச்சேரியில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. அந்த ஊரின் வியாபாரம் இதனால் குறைந்துவிடவில்லை. சாலையின் பேர்தான் ஓங்கியது. கொடைக்கானல் ஏரிச்சாலையிலும் விடிந்தது முதல் காலை எட்டு மணிவரை, அங்கே குடியிருப்பவர்களின் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி விட்டு, மற்ற எல்லா வண்டிகளையும் நகராட்சி நிறுத்த வேண்டும். ஆண்டு முழுவதும் முடியாது என்றால் சித்திரை, வைகாசி இரண்டு மாதமாவது செய்து பார்க்கட்டும். இதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமல்ல. அடுத்த முறை கொடைக்குப் போகிற நீங்களும், காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஏரிக்கு நடந்து இறங்கி வாருங்கள்.