குனியத் தெரியாதவர்களா நாம்?

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில், கிளியனூர் நிறுத்தத்தில், விடியுமுன்னே கம்பெனி வேனுக்காகப் பெண்கள் நிற்கிறார்கள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கை இடுப்புக்குப் பின்னால். அவர்களில் ஒருவர் எனக்குச் சித்தி முறை. தொழிற்சாலையில் கொடுத்த துண்டறிக்கை ஒன்றை என்னிடம் நீட்டி, "என்னா போட்ருக்குன்னு படிச்சு சொல்லு பாப்பா" என்றார்.

முதுகைக் காப்பது பற்றிய அறிக்கை. பேண்ட் போட்ட ஓர் ஆண் முழங்காலை மடக்கி அட்டைப்பெட்டி தூக்குகிறார்: சரி. முதுகை வளைத்துத் தூக்குகிறார்: தவறு. கீழே நான்கு உடற்பயிற்சிகள், தினம் இருவேளை வீட்டில் செய்ய வேண்டும். சித்தி பெட்டியே தூக்குவதில்லை. எட்டு மணிநேரம் நின்றபடி, ஓடும் பெல்ட்டில் வரும் ஷூ அடிப்பாகங்களுக்குப் பசை தடவுகிறார்.

இந்தக் காகிதத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1969-இல் ஸ்வீடனில் மரியான் சாக்ரிசன் ஃபோர்செல் என்ற பிசியோதெரபிஸ்ட் 'முதுகுப் பள்ளி' தொடங்கினார். எழுபதுகளில் அதை வால்வோ கார்த் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். வகுப்புக்கு வந்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். வலி திரும்ப வருவது மட்டும் குறையவில்லை. எனக்கு உறுத்துவது அந்த அளவுகோல்தான். வேலைக்குத் திரும்புவது யாருக்கு வெற்றி?

உடற்பயிற்சியைக் கேலி செய்யவில்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு விளக்கிச் சொல்வதையும் உடற்பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கட்டச் சொல்லவில்லை. (நம் ஊர் மருந்துக்கடைகள் இதைக் கேள்விப்படவில்லை போலும்.) ஆனால் எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது என்று வெறுமனே கற்றுக்கொடுத்தால் முதுகுவலி வராமல் தடுக்கலாம் என்பதற்குச் சான்று இல்லை என 2008-லேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். பிறகும் படம் மாறவில்லை. காரணம் எளிது: பெல்ட்டின் வேகத்தைக் குறைக்கக் காசு ஆகும், துண்டறிக்கைக்கு ஆகாது. வலி வந்தால், 'சொல்லிக்கொடுத்தோமே, நீதான் சரியாக நிற்கவில்லை' என்று அவளிடமே திருப்பிவிடலாம்.

வீட்டில் இருவேளை என்பது இன்னொரு வேடிக்கை. சித்தி வீடு சேர ஏழு மணி. தண்ணீர் பிடித்து, உலை வைத்து, மாட்டுக்குக் காட்டி முடித்தபின் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்க வேண்டுமாம். கதவில்லாத கூடத்தில், மாமனார் எதிரிலா? எழுதியவருக்குத் தனியறை இருந்திருக்கும். அதில் வேறு யாரோ சமைத்திருப்பார்கள்.

ஒருநாள் படுத்து எழலாம் என்றாலும் கணக்கு இடிக்கிறது. ஈ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. இடுப்புவலிக்கு நம் பெண்கள் படுப்பதே அந்த இரண்டு நாள்தான்.

நின்று வேலை செய்பவர்கள் இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 44-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. ஓய்வு கிடைத்தால் உட்காரலாம். பெல்ட் நின்றால்தானே ஓய்வு? கடைப் பெண்களுக்கு அதுகூட இல்லாமல் இருந்தது. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பின் விஜியும் ஜவுளிக்கடைப் பெண்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகளுக்கு அதைக் கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் யாரும் எப்படி நிற்பது என்று வகுப்பு கேட்கவில்லை. நாற்காலி கேட்டார்கள்.

தொழிற்சாலை வகுப்பு நடத்தட்டும். ஷிஃப்டுக்குள், சம்பளத்தோடு, டார்கெட்டைக் குறைத்துக்கொண்டு நடத்தட்டும். எந்த மேசை உயரம், எந்தப் பெண்ணுக்கு எங்கே வலிக்கிறது என்று முதலில் அவர்கள் சொல்ல, பயிற்சியாளர் எழுதிக்கொள்ளட்டும்.

பெல்ட் பக்கத்தில் ஸ்டூல் போட இடம் இருக்கிறதா என்று சித்தியிடம் கேட்டேன். சற்று யோசித்தார்.

"ரெண்டு ஸ்டூல் போடலாம். கிடக்குற அட்டப்பெட்டிய எடுத்துட்டா மூணு."