ஜன்னலுக்கு வெளியே யோசேப்பு

ரெம்பிராண்ட் 1654ஆம் ஆண்டில் செப்புத்தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிட்ட திருக்குடும்பப் படம் ஓர் அஞ்சலட்டையளவே உடையது. மரியாள் தாழ அமர்ந்து குழந்தையைக் கன்னத்தோடு அணைத்திருக்கிறாள். அருகில் ஒரு பூனை அவளது ஆடையின் விளிம்போடு விளையாடுகிறது. அவள் பாதத்தின்கீழ்ச் சர்ப்பம் கிடக்கிறது. ஆதியாகமம் 3:15 ஓர் எளிய வீட்டின் தரைக்கு வந்துவிட்டது. எனினும் சர்ப்பத்தின் தலையை நசுக்குபவர் ஸ்திரீயின் வித்தே என்பதை நாம் மறத்தலாகாது. ஒளிவட்டமும் தனியே வரையப்படவில்லை. மரியாளின் தலைக்குப் பின்னுள்ள ஜன்னலே ஒளிவட்டமாய் அமைகிறது.

யோசேப்போ வெளியே நின்று ஜன்னல் வழியாக உள்ளே நோக்குகிறார். ஓவியர் அவரை ஒதுக்கிவிட்டார் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. மத்தேயு யோசேப்பின் வாய்ச்சொல் ஒன்றையேனும் எழுதிவைக்கவில்லை; அவர் இரவிலே எழுந்து பிள்ளையைக் காத்ததையே எழுதினார். வெளியே நிற்பதும் காவலே.

அரக்கோணம் போன்ற ரயில் சந்திப்பு ஊர்களில் இரவுப்பணிக்குப் புறப்படும் தந்தையர் தம் வீட்டை இவ்வாறே திரும்பி நோக்குவர். நம் கிறிஸ்துமஸ் பிரசங்கங்களிலோ யோசேப்பு ஜன்னலருகிலும் காணப்படுவதில்லை. அவரை மறந்த பிரசங்கம் அத்தந்தையருக்கு எதைக் கூறும்? போதகர்கள் இப்படத்தின்முன் சற்று நின்று சிந்திப்பார்களாக.