பூட்டிய கதவும் மறைந்த வினாவும்

கொள்ளைநோயைக் கருவாகக் கொண்ட திகிற்படங்கள் பல கண்டுள்ளோம். 2011 இல் ஜோன் போக் நெறிப்படுத்திய 'குவாரன்டீன் 2: டேர்மினல்' என்ற அமெரிக்கப் படமும் அவ்வகையினதே. 2008 இல் வந்த முதற்படம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரக் குடியிருப்பொன்றை அதிகாரிகள் காரணங்கூறாது அடைத்துவிட்டதைக் காட்டிற்று. இத்தொடர்ச்சியிலோ, விமானத்தில் நோய் பரவ, பயணிகள் விமான நிலையக் கட்டிடத்துள் அடைபடுகின்றனர். பணிப்பெண் ஜெனி அவர்களைக் காக்க முனைகின்றாள்.

அடைத்தோர் யார், எவர் நலனுக்காக அடைத்தனர் என்ற வினாவே இப்படத்தின் உயிர் என்போம். ஆயின், ஆசிரியன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட பயணியே கிருமியைக் கொணர்ந்தவன் என முடிச்சவிழ்ந்ததும் அவ்வினா மறைந்துவிடுகின்றது. வெறியன் ஒருவன் தலையிற் பழி விழ, கதவைப் பூட்டிய அதிகாரம் தப்பிக்கொள்கின்றது.

யதார்த்தம் வேறு. 2020 பெப்ரவரியில் யோக்கோஹாமாவில் தடுத்துவைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்செஸ்' கப்பலில் எந்த வெறியனும் இருக்கவில்லை. ஆயினும் 3711 பேரில் 712 பேரை நோய் தொற்றியது. பயணிகள் தத்தம் அறைகளுள் இருக்க, ஊழியரோ உணவு சுமந்து வாயில்தோறும் சென்றனர். எவரைக் காப்பது, எவரை உழைக்கவிடுவது என்ற அத்தீர்ப்பிலேதான் உண்மையான திகில் உறைகின்றது. அதனைக் காணாத கலை நம்மை நடுங்கச் செய்யலாம், சிந்திக்கச் செய்யாது.